படியில்லாத கதவு

தொனெகாபொன்,
1372 மொர்தாத் 12 (1993 ஆகஸ்ட் 3)

மதிப்பிற்குரிய ஃபரங்கீஸ் கானும் அவர்களுக்கு,

என்னை உங்களுக்குத் தெரியாது. என் பெயர் மாஸியார். ஹெஷ்மத் செமியாரியின் மகன். நீங்கள் அவரைவிட்டுப் போனபிறகு அவர் செய்துகொண்ட இரண்டாம் கல்யாணத்தில் பிறந்தவன். கட்டுமானப் பொறியாளர். உங்களோடு படித்த பேராசிரியர் ஒருவரை நச்சரித்து இந்த முகவரியை வாங்கினேன். நான் எழுதுவது அப்பாவுக்குத் தெரியாது.

விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் வரைந்து கட்டிய கடற்கரை வீடு இந்தக் குளிர்காலத்தில் விழும், அல்லது விழாது. எது என்று என்னால் சொல்ல முடியவில்லை. சொல்லவேண்டியது என் வேலை.

காஸ்பியன் கடல் ஏறிக்கொண்டிருக்கிறது. அங்கே பத்திரிகையில் வந்திருக்கலாம். நான் சின்னப் பையனாக இருந்தபோது வீட்டிலிருந்து தண்ணீருக்குப் போவதற்குள் மணல் சூட்டில் கால் வெந்துவிடும். இப்போது காற்றடிக்கிற நாளில் அலை முன்வரிசைத் தூண்களை நனைக்கிறது. நீங்கள் கட்டிய குளியல் மண்டபம் போன வருடமே போயிற்று. அதன் வட்டக் கூரை மட்டும் கவிழ்த்துப் போட்ட தாம்பாளம் மாதிரி தண்ணீரில் கிடக்கிறது. நீர்க்காகங்கள் அதன்மேல் உட்கார்ந்து இறக்கை காயவைக்கின்றன. வீட்டுக்கு முன்னால் இருந்த நாரத்தை மரங்கள் உப்பில் பட்டுப்போயின.

கரையோர வீடுகளை ஆபான் மாதக் கடைசிக்குள், அதாவது புயல் காலத்துக்கு முன், காலி செய்யச் சொல்லியிருக்கிறார்கள். ஒரு பொறியாளர் 'இது நிற்கும்' என்று கையெழுத்துப் போட்டால் இருக்கலாம். எங்கள் பகுதிக்கு அந்தப் பொறியாளர் நான்தான். "உங்க அப்பாவை நீயே கிளப்பிக்கோ, எங்களால ஆகாது" என்றார் என் மேலதிகாரி. அப்பா கிளம்பமாட்டார். அறுபத்தெட்டு வயதில் அங்கே தனியாக இருக்கிறார். தூக்கிக்கொண்டு போனால்தான் உண்டு. பொய்க் கையெழுத்து நான் போடமாட்டேன். அப்பாவாக இருந்தாலும்.

எனக்குத் தேவை இவை: தூண்களின் அடித்தளம் எவ்வளவு ஆழம், எதில் உட்கார்ந்திருக்கிறது, உள்ளே என்ன கம்பி. வரைபடங்கள் ஏதும் இங்கே இல்லை. வீட்டைத் தூண்மேல் தூக்கி வைத்திருப்பதைப் பார்த்து என் அலுவலக நண்பர்கள், கடல் திரும்பி வரும் என்று உங்களுக்கு அப்போதே தெரிந்திருக்கிறது என்று வியக்கிறார்கள். அது உண்மையா என்றும் எழுதுங்கள்.

கூரை ஒழுகுகிறது. இவ்வளவு மழை பெய்கிற ஊரில் தட்டைக் கூரை போட்டது ஏன் என்பது எனக்குப் புரியவில்லை. கீழ் அறைகள் பரவாயில்லை, மேலேதான் வாளிகள்.

கடைசியாக ஒன்று. கணக்குக்கு இது வேண்டியதில்லை, ஆனாலும் தெரியாமல் இருக்க முடியவில்லை. மேல் கூடத்தில் கடலைப் பார்த்து ஒரு கதவு இருக்கிறது. திறந்தால் வெளியே ஒன்றுமில்லை. பால்கனி இல்லை, படி இல்லை, கைப்பிடி இல்லை. காற்றுதான். நீங்கள் படி வரைய மறந்துவிட்டீர்கள் என்கிறாள் என் அத்தை. மாமியாரைத் தள்ளிவிட வைத்தது என்பார் பக்கத்துத் தோட்டக்காரர். புருஷனைத் தள்ளிவிட என்கிறாள் என் அம்மா. எது சரி?

இப்படிக்கு,
மாஸியார் செமியாரி

*

ட்ரியெஸ்தே,
1993 ஆகஸ்ட் 24

அன்புள்ள மாஸியார் ஜான்,

உன் கடிதம் வந்தது. நீ நலமா, உன் அம்மா மஹீன் நலமா? ஹெஷ்மத் நலமா என்று கேட்கவில்லை. கிளம்பமாட்டேன் என்று அடம்பிடிக்கிறவர் நலமாகத்தான் இருப்பார்.

இரண்டு பக்கம் எழுதியிருக்கிறாய், ஒரு இடத்தில்கூட 'நலமா' இல்லை. நம் ஊரில் தந்தி கொடுக்கிறவன்கூட உடம்பு எப்படி என்று ஒரு வார்த்தைக்குக் காசு கட்டுவான். நான் நலம். மூட்டுவலி உண்டு. ஒரு பூனை உண்டு. ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டுக்காரர் சீட்டாட வருவார், ஏமாற்றுவார். இங்கே எனக்கும் ஒரு கடல் இருக்கிறது, அது ஏறுவதுமில்லை இறங்குவதுமில்லை.

உன் நண்பர்களிடம் சொல்லிவிடு, எனக்கு ஒன்றும் தெரியாது. அந்தக் காலத்தில் ரோமில் படித்த நாங்கள் எல்லாரும் வீட்டுக்குக் கால் வைத்தோம். அது அப்போதைய மோஸ்தர். கீழே காற்று போகவேண்டும், படுக்கையில் படுத்தபடி மணல்மேட்டுக்கு அப்பால் கடல் தெரியவேண்டும், அவ்வளவுதான் என் எண்ணம். கடல் அப்போது வருடாவருடம் பின்னால் போய்க்கொண்டிருந்தது. ஒருநாள் வண்டி பிடித்துத்தான் குளிக்கப் போகவேண்டியிருக்கும் என்று ஹெஷ்மத் கேலி செய்வார். என்னை ஞானியாக்காதே.

ஆனால் வேலையை ஒழுங்காகச் செய்தேன். அடித்தளம் மணலைத் தாண்டிக் கீழே இருக்கிற சரளைக்கல் படுகையில் உட்கார்ந்திருக்கிறது. குழியில் ஒரு ஆள் நின்றால் தலை தெரியாது. தண்ணீர் ஊறியதும் ஒப்பந்தக்காரர் போதும் என்றார். நான் குழி ஓரத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிட்டேன். பம்பு வந்தது. கான்கிரீட்டில் கடல் மணல் ஒரு பிடி சேரவில்லை, எல்லாம் ஆற்று மணல். கம்பி விவரத்தை ஞாபகத்திலிருந்து தனித்தாளில் வரைந்து வைத்திருக்கிறேன். வரைபடங்களை நான்தான் எரித்தேன். அதற்காக வருத்தமில்லை.

கூரைக்கு இரண்டாவது அடுக்குத் தார் ஷீட் போடவேண்டியிருந்தது. சுருள்கள் வண்டிக் கொட்டகையில் இருந்தன. போட்டார்களா?

'கீழ் அறைகள்' என்று எழுதியிருக்கிறாய். நான் வரைந்த வீட்டுக்குக் கீழ் அறை கிடையாது. அதைப்பற்றி என்னிடம் கேட்காதே. கதவைப்பற்றி இன்னொரு நாள் சொல்கிறேன். தொலைபேசி எண்ணும் கேட்காதே. குரலில் நான் சண்டைக்காரி, காகிதத்தில் கொஞ்சம் தேவலை.

அன்புடன்,
ஃபரங்கீஸ்

*

தொனெகாபொன்,
1372 ஷஹ்ரிவர் 22

ஃபரங்கீஸ் கானும் அவர்களுக்கு,

மூட்டுவலி எப்படி இருக்கிறது? சரி.

தனித்தாளுக்கு நன்றி. முன்வரிசையில் ஒரு தூணடியில் குழி வெட்டிப் பார்த்தேன். சரளை இருக்கிறது. நீங்கள் சொன்னது சரி.

நீங்கள் கேட்காதே என்றதைத்தான் கேட்கவேண்டியிருக்கிறது. ஏனென்றால் பிரச்சினை மொத்தமும் அதில்தான். தூண்களுக்கு இடையில் வெறும் வெளியாக இருந்தால் அலை சீப்புக்குள் முடி போவதுபோல் போய்விடும். நீங்கள் கட்டியபடி இருந்திருந்தால் இந்நேரம் நான் கையெழுத்துப் போட்டுவிட்டு வேறு வேலை பார்ப்பேன். இப்போது தூண்களுக்கு நடுவே செங்கல் சுவர். வீடு நெஞ்சைக் காட்டிக்கொண்டு கடலுக்கு எதிரே நிற்கிறது. பெரிய அலை வந்தால் சுவர் வாங்குகிற அடியெல்லாம் தூணுக்குப் போகும்.

அப்படியானால் சுவரை இடித்துவிடலாமே என்பீர்கள். சுவரைத் தூணில் எப்படிக் கோத்திருக்கிறார்கள் என்று தெரியாமல் முடியாது. இங்கே கொத்தனார்கள் தூணைக் கொத்தி, பல் வெட்டி, கம்பி செருகி, அதில் சுவரைக் கட்டுவார்கள். நானே பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். அப்படியிருந்தால் தூண் ஏற்கெனவே காயப்பட்டிருக்கிறது, உப்பு உள்ளே போயிருக்கும். சுவரை எடுத்தால் தூணின் சதையும் சேர்ந்து வரும். வீடு எங்கள் தலையில் இறங்கும். சுவர்மேல் கனமான பூச்சு, அதன்மேல் தரையிலிருந்து உச்சிவரை ஓடு. ஒன்றும் தெரியவில்லை.

அப்பாவிடம் கேட்டேன். வெளிச் சமையலறையில் மீன் பொரித்துக்கொண்டிருந்தார்.

"அப்பா, கீழ்ச் சுவரை எடுக்கணும்."

"உப்பு போதுமா, பாத்துச் சொல்லு."

"போதும். சுவரை எடுக்கலேன்னா வீடு போயிடும்."

"போகட்டும். சுவரோட சேந்து போகட்டும்."

"கம்பி வெச்சுக் கட்டினீங்களா, இல்லையா? அதையாவது சொல்லுங்க. ஒரு ஓட்டை போட்டுப் பாத்துக்கறேன்."

"அந்தச் சுவர்ல உளி பட்டுது, உன் கையை ஒடிச்சு அடுப்புல வெப்பேன். இவ்ளோ படிச்சவன், பாத்தாத் தெரியாதா உனக்கு? எலுமிச்சையை நறுக்கு."

நறுக்கினேன். வேறென்ன செய்ய.

உங்களுக்கு எங்கள் சொந்தக்காரர்களையே பிடிக்காது, விருந்தாளிகளுக்கு அறை கட்டியதைப் பொறுக்கமுடியாமல் போய்விட்டீர்கள் என்று அத்தை சொல்லித்தான் எனக்குத் தெரியும். அது உண்மையா பொய்யா என்பதில் எனக்கு அக்கறையில்லை. சுவர் எழும்பும்போது நீங்கள் இங்கே இருந்தீர்களா? கோத்தார்களா, இல்லையா? அதை மட்டும் எழுதுங்கள்.

தார் ஷீட் இரண்டாவது அடுக்கு போடவில்லை. கொட்டகையில் சுருளும் இல்லை.

மாஸியார்

*

ட்ரியெஸ்தே,
1993 அக்டோபர் 1

அன்புள்ள மாஸியார் ஜான்,

'சரி' என்று முடித்தாயே, அந்த நலம் விசாரிப்புக்கு என் முழங்கால் நன்றி சொல்லச் சொன்னது.

அதை மட்டும் எழுது என்கிறாய். முடியாது. கேட்டுவிட்டாய், முழுவதும் கேள்.

உன் அப்பா ஒரு கல்யாண வீட்டில் எல்லாரிடமும் சொன்னார்: "கோடைக்குக் கண்டிப்பா வந்துடணும். அது உங்க வீடு. நாங்க உங்க வீட்ல குடியிருக்கோம், அவ்ளோதான்." உனக்குத் தெரியும், இதைச் சொல்பவரும் மனதாரச் சொல்வதில்லை, கேட்பவரும் வருவதில்லை. 'உங்க காலடி எங்க கண்ணு மேல' என்பார்கள், 'ஐயோ தொந்தரவு வேண்டாம்' என்பார்கள், எல்லாரும் திருப்தியாக வீட்டுக்குப் போவார்கள். அந்த வருடம் தெஹ்ரானில் வெயில் தாங்கவில்லை. ஒருவரும் 'தொந்தரவு வேண்டாம்' என்று சொல்லவில்லை. மெத்தை, தேநீர்ச் சமோவார், ஊறுகாய் ஜாடி, கைக்குழந்தை சகிதம் வந்து இறங்கினார்கள்.

மேலே இடமில்லை. வீட்டுக்குக் கீழே, தூண்களுக்கு நடுவில் பாய் விரித்துப் படுத்தார்கள். நம்பமாட்டாய், எனக்கு அது பிடித்திருந்தது. தூணுக்குத் தூண் திரை மாதிரித் துணி கட்டி அறை பிரித்தார்கள். குழந்தைகள் அதற்குள் ஓடினார்கள். நான் வரைந்தபோது எனக்குத் தோன்றாத ஒரு உபயோகம். என்னைச் சொந்தக்காரர்களைப் பிடிக்காதவள் என்று உன் அத்தை சொன்னால், அந்தத் துணிகளைக் கட்டிக்கொடுத்தது யார் என்று கேள்.

பிறகு ஒருநாள் சாப்பாட்டில் எல்லார் முன்னாலும் உன் அத்தை சொன்னாள்: "தம்பி, விருந்தாளியை ஆட்டுக்கொட்டில்ல படுக்க வெச்சிருக்கா உன் ரோமாபுரி ராணி." ஹெஷ்மத் முகம் செத்துப்போனது. மறுநாள் செங்கல் வண்டி வந்தது.

அவருக்கு விருந்தாளியிடம் 'இல்லை' சொல்லத் தெரியாது. அக்காவிடம் தெரியாது. உலகத்தில் அவர் 'இல்லை' சொல்லத் தெரிந்த ஒரே ஆள் நான். நான் சொன்னேன், "இந்தச் சுவர் இறங்கற அன்னிக்குத்தான் இந்த வாசல்ல கால் வெப்பேன்." அவர் சொன்னார், "நீ வந்து சொல்லு, அன்னிக்கே இறக்கறேன்." யார் முதலில் என்று இரண்டு பேரும் காத்திருந்தோம். பிறகு காகிதங்கள் வந்தன, கையெழுத்துப் போட்டேன், அவரும் போட்டார். உன் அம்மா வந்தாள், நீ வந்தாய்.

எனவே உன் கேள்விக்குப் பதில்: தெரியாது. நான் பெட்டியோடு கிளம்பும்போது கொத்தனார் செங்கலை நனைத்துக்கொண்டிருந்தார்.

தூணை ஒட்டிய மூலையில் ஒரு உள்ளங்கை அகலத்துக்குப் பூச்சை எடு. கம்பி தெரிந்தால் அங்கேயே நிறுத்து. மூடாதே, யோசிக்காதே, உன் அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்துவிடு. வீடு போனால் போகட்டும். கட்டியவள் சொல்கிறேன்.

அன்புடன்,
ஃபரங்கீஸ்

*

தொனெகாபொன்,
1372 மெஹ்ர் 27

ஃபரங்கீஸ் கானும்,

அப்பா முடிவெட்டப் போனார். நான் உளி எடுத்தேன்.

ஓடு வந்தது. பூச்சு வந்தது. அதற்குப் பின்னால் கறுப்பு. ஈரத்தில் அழுகியிருக்கிறது, தூண் போயிற்று என்று நினைத்தேன். சுரண்டினேன். அழுகல் இல்லை, தார் ஷீட். கையில் கிழிந்துவந்தது. சரி, ஈரத்துக்காக இந்த ஒரு மூலையில் வைத்திருப்பார்கள் என்று அடுத்த தூணுக்குப் போனேன். அங்கேயும். அதற்கடுத்ததிலும். தரையிலிருந்து உச்சிவரை, தூணுக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு விரல் இடைவெளி விட்டு, அதில் தார் ஷீட்டை மடித்துத் திணித்திருக்கிறார்கள். பல் வெட்டவில்லை. கம்பி இல்லை. சுவர் மேல்தளத்தையும் தொடவில்லை, அங்கேயும் ஷீட். செங்கல்லுக்கு நடுவே சிமெண்டே கிடையாது. சுண்ணாம்பும் களிமண்ணும். நகத்தால் கீறினால் உதிர்கிறது. கீழே விழாமல் பிடித்துக்கொண்டிருப்பது வெளிப்பூச்சும் ஓடும்தான்.

ஷீட்டை விலக்கினால் உங்கள் தூண். சென்ட்ரிங் பலகையின் மர ரேகை அப்படியே பதிந்திருக்கிறது. ஒரு கீறல் இல்லை. இந்த வீட்டில் உப்புக்காற்றே படாத இடம் அது ஒன்றுதான்.

இப்படி ஒரு சுவரை நான் பார்த்ததில்லை. நிற்பதற்காகக் கட்டிய சுவர் இல்லை இது. எடுப்பதற்காகக் கட்டியது.

அப்பா வந்துவிட்டார். என் கையை ஒடிக்கவில்லை. முடி வெட்டின தலையோடு வாசலில் நின்று பார்த்தார்.

"பாத்துட்டியா?"

"இது யார் யோசனை? கொத்தனாரா?"

"அவன் எங்க. அவன் சிரிச்சான். 'ஐயா, தூணுக்குச் சட்டை தெச்சுப் போடறீங்களா?'ன்னான். சொன்னதைச் செய்டான்னேன்."

"ஏன் இப்படிப் பண்ணினீங்க?"

"கான்கிரீட் மேல எதையும் ஒட்டவிடக்கூடாதும்பா அவ. ஒரு ஆணி அடிச்சாக்கூடச் சண்டைக்கு வருவா."

"அப்ப எடுத்துடலாம். ரெண்டு மணி நேர வேலை."

"அவ வந்து சொல்லட்டும்."

"முப்பது வருஷம் ஆச்சுப்பா."

"கடலும் போயிட்டுத்தான் வந்திருக்கு."

சொல்லிவிட்டு மேலே போய்விட்டார்.

உங்களுக்கு இதைப் படிக்க எப்படி இருக்கும் என்று தெரியவில்லை. எனக்கு எப்படி இருந்தது என்று சொல்கிறேன். கோபம் வந்தது. என் அம்மா கல்யாணமான புதிதில் ஒரே ஒருமுறை இந்த வீட்டுக்கு வந்தாள். கீழ் அறையில் பெட்டியை வைத்தாள். 'இங்கே ஈரம், எனக்கு ஒத்துக்காது' என்று அன்றைக்கே தெஹ்ரானுக்குத் திரும்பியவள், பிறகு வரவேயில்லை. கோடைதோறும் நானும் அப்பாவும் மட்டும் வருவோம். இன்றைக்கு அந்தச் சுவரைக் கருவி வைத்துச் சோதித்தேன். ஈரம் இல்லை. அவள் எதை ஈரம் என்றாள் என்று இப்போது தெரிகிறது. அவளுக்குச் சுவரைத் தட்டிப் பார்க்கவேண்டியிருக்கவில்லை.

ஆனால் வேலை ஆகவேண்டும். சுவர் இறங்கினால் வீடு நிற்கும், அப்பா இருக்கலாம், நான் மனசாட்சியோடு கையெழுத்துப் போடலாம். அவருக்கு வேண்டியது உங்கள் ஒரு வார்த்தை. நீங்கள் வரவேண்டாம். 'எடு' என்று உங்கள் கையெழுத்தில் ஒரு தாளில் எழுதி அனுப்புங்கள். உங்களுக்கு எழுதுவதை அவரிடம் சொல்லிவிட்டேன். இதைக் கேட்பதற்கு எனக்கு வெறுப்பாக இருக்கிறது, என் அம்மாவை நினைத்து. ஆனாலும் கேட்கிறேன்.

இதற்கிடையில் நான் கட்டிலைக் கீழ் அறைக்கு மாற்றிவிட்டேன். கடல் பக்கத்து அறை. அவர் கிளம்பாத வரைக்கும் நானும் அங்கேதான் படுப்பேன் என்று சொல்லியிருக்கிறேன். "பைத்தியக்காரன்" என்றார். யாரைப் பார்த்துச் சொன்னார் பாருங்கள்.

மாஸியார்

*

ட்ரியெஸ்தே,
1993 நவம்பர் 6

மாஸியார் ஜான்,

உன் கடிதத்தை நின்றுகொண்டே படித்தேன். பிறகு உட்கார்ந்தேன். பூனைக்குச் சோறு வைக்க மறந்து அது என்மேல் ஏறிக் கத்திற்று.

கூரைக்கு வைத்த தார் ஷீட் அங்கேதான் போயிருக்கிறது. அவ்வளவு சுருளையும் எடுத்துத் தூணுக்குச் சுற்றிவிட்டு, முப்பது வருடமாகத் தன் தலைமேல் ஒழுகவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் அந்த மனிதர். நான் இங்கே ஒவ்வொரு மழைக்கும், அந்தத் தூண்களைக் கொத்தியிருப்பார்கள், கம்பி துருப்பிடித்திருக்கும் என்று நினைத்துக்கொள்வேன். அதற்குப் பிறகு நான் வீடே வரைந்ததில்லை, தெரியுமா? நகராட்சிக்கு மாடிப்படிகளும் ஆஸ்பத்திரிச் சமையலறைகளும் வரைந்தேன். அவற்றில் யாரும் கூடுதல் சுவர் வைக்கமாட்டார்கள்.

நீ கேட்ட தாளை எடுத்துவைத்தேன். 'எடு' என்று எழுதினேன். கிழித்துவிட்டேன்.

நான் எழுதினால் அவர் எடுப்பார், எனக்கு அதில் சந்தேகமில்லை. அதனால்தான் அனுப்பவில்லை. அந்த வார்த்தையின் காலம் போய்விட்டது. இன்றைக்கு அந்தச் சுவருக்குப் பின்னால் படுத்திருப்பது நீ. உனக்காக எடுக்காத சுவரை எனக்காக எடுத்தால், அதற்குக் கடலே வந்து தள்ளிவிட்டுப் போகலாம். உன் அம்மாவும் இன்னொரு முறை ஈரம் என்று சொல்லவேண்டிவரும்.

அவரிடம் இப்படியே சொல்: ஃபரங்கீஸ் வரமாட்டாள், சொல்லவும் மாட்டாளாம். அவளுக்கு அங்கே பூனை இருக்கிறதாம், சீட்டாட ஆள் இருக்கிறதாம். தூணுக்குப் போட்ட சட்டை அழகாக இருக்கிறதாம். இந்தக் கடைசி வரியை விடாமல் சொல்.

நீ தயவுசெய்து மேலே போய்ப் படு. பிடிவாதத்தை அவரிடமிருந்து வாங்கிக்கொள்ளாதே, பங்கு போட ஏற்கெனவே ஆட்கள் இருந்தோம்.

கதவைப்பற்றிக் கேட்டாய். விருந்தாளி யாரும் வரமுடியாத ஒரு கதவு எனக்கு வேண்டியிருந்தது. அவ்வளவுதான். அந்த வீட்டில் எந்தப் பக்கத்திலிருந்தும் யாராவது 'இருக்கீங்களா?' என்று வந்துகொண்டே இருப்பார்கள். அந்தப் பக்கம் மட்டும் வரமுடியாது. சாயங்காலம் அதைத் திறந்து, காலைத் தொங்கப்போட்டு உட்காருவேன். காற்றோட்டத்துக்கு வைத்தேன் என்று ஹெஷ்மத்திடம் சொல்லியிருந்தேன். நம்பினார்.

அன்புடன்,
ஃபரங்கீஸ்

*

தொனெகாபொன்,
1372 ஆஸர் 14

அன்புள்ள ஃபரங்கீஸ் கானும்,

உங்கள் மூட்டுவலி எப்படி இருக்கிறது? குளிரில் கூடியிருக்குமே. பூனை நேரத்துக்குச் சாப்பிடுகிறதா? பக்கத்து வீட்டுக்காரர் இன்னும் ஏமாற்றுகிறாரா, நீங்களும் ஏமாற்றப் பழகிவிட்டீர்களா? நாங்கள் எல்லாரும் நலம்.

உங்கள் கடிதம் தாமதமாக வந்தது. அது வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

வடமேற்குக் காற்று காலையிலேயே பிடித்துக்கொண்டது. மத்தியானத்துக்கு மேல் நுரை வந்து கீழ் அறை ஜன்னலில் அடித்தது. நான் கட்டிலில் படுத்துப் புத்தகம் படித்துக்கொண்டிருந்தேன். படித்தேன் என்பது பொய். ஒரே பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு அலைக்கும் சுவர் உள்பக்கம் கொஞ்சம் மூச்சு வாங்கியது. கணக்குப்படி நான் அங்கே இருந்திருக்கக்கூடாது.

அப்பா கடப்பாரையோடு இறங்கி வந்தார்.

"எழுந்திரு."

"நீங்க கிளம்பறீங்களா?"

"எழுந்திருடா. கட்டிலை நகத்து, வழியில கிடக்கு."

"அவங்க பதில் இன்னும் வரலையே. வந்து சொல்லட்டும்னீங்க."

"யாரு?" என்றார்.

அவ்வளவுதான். ஓட்டுக்கு நடுவில் கடப்பாரையை விட்டு நெம்பினார். முதல் செங்கல் அவர் கையாலேயே வந்தது. இரண்டு மணி நேரம் என்று நான் சொன்னது தப்பு, அவ்வளவு ஆகவில்லை. சர்க்கரைக் கட்டி மாதிரி உதிர்ந்தது. பக்கத்துத் தோட்டக்காரர் ஓடிவந்து, "ஹெஷ்மத் ஐயா, புயல்ல வீட்டை இடிக்கறது உங்க ரோமாபுரி வழக்கமா?" என்று கேட்டுக்கொண்டே எதிர்ச் சுவரில் கைவைத்தார். வடக்கும் தெற்கும் திறந்ததும் காற்று உள்ளே புகுந்து, ஓட்டுத் தூசி முழுவதையும் அள்ளித் தோட்டத்துப் பக்கம் கொட்டியது. நாங்கள் மூன்று பேரும் சுண்ணாம்புச் சிலைகள் மாதிரி மேலே ஏறினோம்.

பிறகு கடல் வந்தது. வீட்டுக்குக் கீழே போய், பின்பக்கம் வெளியே வந்து, தோட்டத்து மரங்களுக்கு நடுவில் நின்று, திரும்பிப் போயிற்று. தரையில் காது வைத்துக் கேட்டேன். தூண்கள் முனகின. வேறொன்றும் ஆகவில்லை. காற்று அடங்கியதும் ஒவ்வொரு தூணாகச் சோதித்துவிட்டு 'நிற்கும்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். உங்களுக்குக் கடல் வருவது தெரியாது என்பதை என் நண்பர்கள் யாரும் நம்பவில்லை. விட்டுவிட்டேன்.

உங்கள் கடிதம் வந்த அன்றைக்கு அப்பாவிடம் நீங்கள் சொன்னபடியே சொன்னேன். வரமாட்டீர்கள், சொல்லவும் மாட்டீர்கள், தூணுக்குப் போட்ட சட்டை அழகு. 

"நல்லாயிருக்காளா?"

"மூட்டுவலியாம்."

"மீன் சாப்பிடச் சொல்லு. அந்த ஊர்ல என்ன மீன் கிடைக்குமோ."

சொல்லிவிட்டேன். சாப்பிடுங்கள்.

போன வெள்ளிக்கிழமை அம்மா வந்தாள். நான் கூப்பிடவில்லை, அப்பா கூப்பிட்டாரா என்று கேட்கவும் இல்லை. பெட்டியோடு வந்து வீட்டுக்குக் கீழே நின்று, தூண்களுக்கு நடுவில் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் நடந்து பார்த்தாள். மேலே வந்தாள். அப்போது பார்த்துத் தெஹ்ரானிலிருந்து அத்தை போன் செய்தாள். வசந்தத்தில் வரும் புத்தாண்டுக்கு எல்லாரும் வருகிறார்களாம், கீழ் அறைகளைச் சுத்தம் செய்யவேண்டுமாம். அப்பா ரிசீவரைக் கை மாற்றினார். தொண்டையைச் செருமினார்.

"அக்கா, இந்தத் தடவை இடமில்லை."

அவரே இன்னொரு முறை, கொஞ்சம் மெதுவாக, "இடமில்லைக்கா" என்றார். வைத்துவிட்டு நெற்றியைத் துடைத்துக்கொண்டார். புயலில்கூட அவருக்கு இப்படி வியர்க்கவில்லை.

அம்மா இதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். எழுந்துபோய் அந்தக் கதவைத் திறந்தாள். காற்று கூடம் முழுக்க வந்தது. கதவு எதற்கு என்று நான் யாரிடமும் சொல்லவில்லை, அவளிடமும் சொல்லவில்லை. செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு நிலைப்படியில் உட்கார்ந்து காலைத் தொங்கப்போட்டாள். கீழே அலை போய் வந்துகொண்டிருந்தது.

"இவ்வளவு வருஷம் இந்தக் காத்தை யாருக்காக ஒளிச்சு வெச்சீங்க?" என்றாள், திரும்பாமல்.

அப்பா இரண்டு கிளாஸ் தேநீர் எடுத்துக்கொண்டு போனார். அந்த நிலைப்படியில் இரண்டு பேர்தான் உட்காரலாம், அகலத்தை நீங்களே வரைந்திருக்கிறீர்கள். நான் கூரைக்கு ஏறிப் போய்விட்டேன்.

தூணிலிருந்து உரித்த பழைய ஷீட்டைச் சுருட்டி வைத்திருக்கிறேன். கூரைக்கு இனி அது உதவாது. அப்பா தூக்கிப்போட விடவில்லை, அம்மா கேட்கவும் இல்லை. வசந்தத்தில் புதிது வாங்கி நானே போடுவதாக இருக்கிறேன், இரண்டு அடுக்கு. இரண்டாவது அடுக்கை முதல் அடுக்குக்குக் குறுக்காகப் போடவேண்டுமா, அதே திசையிலா, ஓரத்தை எவ்வளவு மடிக்கவேண்டும், தண்ணீர் எந்தப் பக்கம் வடியவேண்டும் என்று நினைத்திருந்தீர்கள், எல்லாவற்றையும் எழுதுங்கள். இன்னும் பல கேள்விகள் இருக்கின்றன, ஒவ்வொன்றாகக் கேட்கிறேன்.

அவசரமில்லை.

அன்புடன்,
மாஸியார்